மக்கர் பண்ணும் கிராபிக்ஸ் கார்டு: சுவர் பிளக்கிலிருந்து சிப்பு வரை

வைகாசி முகூர்த்த நேரம். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி, கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், முழு கேபினெட்டையும் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். "அண்ணாச்சி, கார்டு போயிட்டு. நாளைக்கு ரிசப்ஷன்ல போடுததுக்கு ஹைலைட்ஸ் கொடுக்கணும். புதுசு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். என் மானிட்டரில் மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. "வீட்டில் கேபிளை எதில் செருகியிருந்தீர்கள்?" என்றேன். மதர்போர்டில் இருக்கும் ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டைக் காட்டினார். வீட்டைப் பெருக்கும்போது கழன்ற கேபிளை யாரோ அதில் செருகியிருக்கிறார்கள். அவருடைய பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிகிறது. அந்த வகை இன்டெல் பிராசஸரில் உள் கிராபிக்ஸ், அதாவது தனிக் கார்டு இல்லாமலே படம் காட்டும் வசதி, கிடையாது. மதர்போர்ட் போர்ட்டில் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது.

இப்படி "கார்டு போயிட்டு" என்று என் மேசைக்கு வருவதில் பலவற்றில் கார்டு கல்லுபோல நன்றாக இருக்கும். படம் வரவில்லை என்றதும் விலை அதிகமான பொருள் மேல்தான் எல்லாருக்கும் முதல் சந்தேகம் போகிறது. நான் அதைத் தலைகீழாகச் செய்வேன். ஒரு பக்கம் திரையிலிருந்து கேபிள் வழியாகப் பின்னோக்கி வருவேன். இன்னொரு பக்கம் சுவர் பிளக்கிலிருந்து கரண்டு போகும் வழியே முன்னோக்கிப் போவேன். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கார்டு இருக்கிறது. அதுவரை வழியில் உள்ள எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே கார்டைக் குறை சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும், டிரைவரையும் (விண்டோஸ் கார்டோடு பேச உதவும் மென்பொருள்), ஸ்லாட்டையும் ஒரே மூச்சில் மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த வாரம் மறுபடி வரும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எந்த மாதம் பழுதானது?

டாக்டர் காய்ச்சல் எப்போதிலிருந்து என்று கேட்பதுபோல நான் மாதத்தைக் கேட்பேன். நெல்லைச் சீமையில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது, தூத்துக்குடி அதற்கும் வெகுமுன்பே பிரிந்துவிட்டது. ஆனாலும் வெயிலும் காற்றும் இடியும் மாவட்ட எல்லை பார்த்து வருவதில்லை.

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். அப்போது வருகிற கார்டுகள் பெரும்பாலும் சூட்டுக் கேஸ்: பத்து நிமிடம் ஓடும், பிறகு தொங்கும். ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று வீட்டுக்குள்ளும் வரும். திசையன்விளைப் பக்கமாக இருந்தால் தேரியின் செம்மண் தூசியும் கூடவே வந்து ஃபேனில் உட்காரும். உவரி, இடிந்தகரை மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை இடிமழை மாதம். அப்போது வருகிறவற்றில் கரண்டு அடி வாங்கியவை அதிகம்.

இன்னொன்றும் கேட்பேன்: அந்த அறையில் வேறென்ன வேலை நடக்கிறது? முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு கார்டின் ஹீட்சிங்கில் (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக ஒரு அடை. மோந்து பார்த்ததும் தெரிந்தது, பீடிப் புகையிலைத் தூள். அம்மா பீடி சுற்றும் அதே அறையில் மகன் கேம் ஆடியிருக்கிறான். அது சாதாரணத் தூசிபோல ஊதினால் போகாது. பிரஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட்

திரையில் கோடு, புள்ளி, நிறம் மாறிய கட்டங்கள் தெரிகின்றனவா? கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை வாட்ஸ்அப்பில் உங்கள் போனுக்கே அனுப்பிப் போனில் திறந்து பாருங்கள். போனிலும் அதே கோடு தெரிந்தால் அந்தக் கோடு படம் உருவாகும் இடத்திலேயே இருக்கிறது. அதாவது கார்டின் சிப்பு, அதன் நினைவகம், இல்லாவிட்டால் டிரைவர். போனில் படம் சுத்தமாக இருந்தால் கோளாறு கார்டை விட்டு வெளியே போகும் வழியில்: போர்ட், கேபிள், கன்வெர்ட்டர், மானிட்டர். ஐந்து காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்தாலே பாதி வழி வந்துவிட்டீர்கள்.

மானிட்டரைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். அது ஸ்கிரீன்ஷாட் ஆகாது. அதில் எல்லாக் கோளாறும்தான் தெரியும்.

வெளி வழியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கன்வெர்ட்டர். பழைய வி.ஜி.ஏ. மானிட்டரை வைத்துக்கொண்டு, புதுக் கார்டில் ஹெச்.டி.எம்.ஐ.-வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர் போட்டு ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் இன்னும் நிறையப் பேர். அந்தச் சின்னப் பொருளுக்குள் ஒரு சிப்பு இருக்கிறது, அது சூடாகும். அரை மணி நேரம் கழித்துப் படம் மறைந்து வந்தால், கன்வெர்ட்டரைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் கேபிள். நீளமான மலிவு கேபிளில் படத்தின் ரெசல்யூஷன் 1080-க்கு மேல் போனால் மினுக்மினுக்கென்று வெட்டும். கார்டில் மூன்று நான்கு போர்ட் இருந்தால் ஒவ்வொன்றிலும் மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்குப் பதிலாக வீட்டு டி.வி.யில் மாட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டி.வி.யில் கேபிள் டி.வி. ஒயர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு ஹெச்.டி.எம்.ஐ.யைச் செருகுங்கள். தெருவிலிருந்து வரும் ஒயரின் மின்னழுத்தமும் உங்கள் கேபினெட்டின் மின்னழுத்தமும் ஒன்றாக இருக்காது. செருகுகிற அந்த நொடியில் போர்ட் போய்விடக்கூடும். இடி இடிக்கும்போது அந்த ஒயர் மாட்டியே இருக்கக் கூடாது.

சுவர் பிளக்கிலிருந்து

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? "லேசாத்தான் அண்ணாச்சி, செருப்புப் போட்டுக்கிட்டா தெரியாது" என்பார்கள். செருப்பு அதை உங்களுக்குத் தெரியாமல் மறைக்கும், கார்டைக் காப்பாற்றாது. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டியிருந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (கேபினெட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்கும் பெட்டி) ஃபில்டர் வழியாகக் கேபினெட்டின் இரும்பு, வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி அளவில் மிதக்கும். கரண்டு கொஞ்சம்தான், ஆனால் மானிட்டர் கேபிளைச் செருகும்போதெல்லாம் அது போர்ட் வழியாகத்தான் இறங்கும். மூன்று முனை பிளக்கின் மேல் முனையை உடைத்துவிட்டு இரண்டு முனைச் சாக்கெட்டில் செருகுகிற பழக்கத்தை விடுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்வது எந்தக் கார்டையும் விட மலிவு.

அடுத்து யூ.பி.எஸ். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் வீட்டு யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது கரண்டு போனால் அது பிடித்துக்கொள்ளும். கேமோ ரெண்டரோ ஓடும்போது போனால் மொத்தமும் அணைந்துவிடும். இதைக் கார்டின் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. சதுர அலை யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர் சிலவற்றோடு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸே ஒத்துப்போகாமல் அணைந்துவிடுவதும் உண்டு. சோதிக்கிற நாளில் மட்டும் யூ.பி.எஸ்.ஸை விலக்கி, நேரடியாக நல்ல எர்த் உள்ள பிளக்கில் மாட்டிப் பாருங்கள்.

இப்போது எஸ்.எம்.பி.எஸ். என் அனுபவத்தில் கார்டின் பழியைச் சுமக்க வேண்டியது இதுதான். கணக்கு இப்படி: மதர்போர்ட் ஸ்லாட் கார்டுக்குக் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். ஆறு முனை இணைப்பு இன்னொரு 75. எட்டு முனை இணைப்பு 150. ஜி.டி.எக்ஸ். 1650 மாதிரி கார்டுகள் பலவும் ஸ்லாட் கரண்டிலேயே ஓடிவிடும். 1660 சூப்பருக்கு 125 வாட், ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு 170, ஆர்.எக்ஸ். 580-க்கு 185. இவையெல்லாம் சராசரிக் கணக்கு. கண் இமைக்கும் நேரத்துக்கு இதைவிட அதிகமாக இழுக்கும்.

பெட்டியில் 450 என்று பெரிதாக அச்சடித்த மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்து நிஜமாகக் கிடைப்பது. ஒருமுறை பெருக்கிப் பார்த்தேன், 450-க்குப் பதில் 216 வந்தது. அந்தப் பெட்டியில் கார்டுக்கான எட்டு முனை வயரே இல்லை. ஹார்ட் டிஸ்குக்கான பழைய நான்கு முனை வயரைக் கன்வெர்ட்டர் போட்டு எட்டு முனையாக்கி மாட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகியிருந்தது. கார்டு தப்பித்தது அவர்கள் வீட்டுக் குலசாமி புண்ணியம்.

அறிகுறியை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். கேம் தொடங்கியதும் கம்ப்யூட்டரே சட்டென்று அணைகிறது அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது, நீலத்திரைகூட வரவில்லை என்றால் கரண்டு வழியைப் பாருங்கள். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அது காரணத்தைச் சொல்லாது, முறையாக அணையவில்லை என்பதை மட்டும் சொல்லும். மாறாக, படம் மட்டும் போய், பாட்டுச் சத்தம் தொடர்ந்து கேட்கிறது என்றால் கார்டு அல்லது டிரைவர் பக்கம்.

நிச்சயப்படுத்த ஒரு வழி: எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் கரண்டின் வரம்பு) 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். நூறில் அணைந்தது எழுபதில் அணையவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். அல்லது சூடு. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் லோடு ஓடும்போது 12 வோல்ட் வரிசையை அளக்கலாம். 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

கேபினெட்டைத் திறப்போம்

நம் ஊரில் கேபினெட்டுக்கே சி.பி.யூ. என்றுதான் பெயர், அது கிடக்கட்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வடித்துவிட்டுத் திறங்கள். கையை கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பில் ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் வேட்டி, கம்பளி எல்லாம் வேண்டாம்.

முதலில் தூசி தட்டாதீர்கள், பாருங்கள். பல்லி செத்துக் கிடக்கும். சூட்டுக்கு ஒதுங்க வரும் பல்லி கார்டின் பின்பக்கத்தில் இரண்டு முனையைச் சேர்த்துவிட்டால் அங்கேயே ஷார்ட். எறும்புக் கூடும் பார்த்திருக்கிறேன். பின்னால் காலி ஸ்லாட்டுகளின் தகடுகள் கழன்றிருந்தால் வழி அதுதான், அடைத்துவிடுங்கள்.

கார்டைக் கழற்றும்போது ஸ்லாட் முனையில் உள்ள கிளிப்பை அழுத்தி விடுவித்துவிட்டு இழுங்கள். பலர் கிளிப்பை மறந்து ஸ்லாட்டையே பிய்த்துவிடுகிறார்கள். கார்டில் ஸ்லாட்டுக்குள் செருகும் தங்கப் பல் வரிசையைப் பாருங்கள். கறுப்பாக, பச்சையாக இருந்தால் மெல்லிய பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ரப்பர் துகளை பிரஷால் தட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள், ஈரத்துணி, விபூதி எதுவும் கூடாது. விபூதி போட்டுத் துடைத்தவர் ஒருவர் உண்டு, பாத்திரம் பளிச்சிடும் என்பதால். கடலோர ஊர்க்காரர்கள் வருடம் ஒருமுறை இதைச் செய்தால் பாதிச் செலவு மிச்சம்.

தூசி ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் அது கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போகும், ஃபேன் சுற்றிச் சுற்றிக் கரண்டையும் உற்பத்தி செய்யும். திரும்ப மாட்டும்போது கிளிப் டக்கென்று விழும் சத்தம் கேட்க வேண்டும். கனமான கார்டு முன்பக்கம் தொங்கினால் அடியில் ஒரு முட்டுக் கொடுங்கள். எட்டு முனை வயரை முழுதும் உள்ளே தள்ளுங்கள். பாதி செருகிய வயர்தான் உருகும். இதில் மட்டும் சரியாகிப் போன கார்டுகளுக்கு என்னிடம் கணக்கே இல்லை.

ஃபேன் சுற்றவில்லை என்று பதறி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய கார்டுகள் பலவற்றில் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும், அது வடிவமைப்பே அப்படி. 60 டிகிரியைத் தாண்டியும் சுற்றாவிட்டால்தான் கவலை.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வீட்டுக்குள் வந்த பிறகு வந்த கேபினெட்டுகளில், காய்ந்துவிட்டதென்று பிளக்கில் மாட்டிப் பார்த்தவைதான் அதிகம் செத்தன. தண்ணீரை விட அதில் வந்த வண்டல்தான் எதிரி. அப்படி நனைந்த கார்டை ஆன் செய்யாமல், ஹீட்சிங்கையும் ஃபேனையும் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் சேறு போக அலசி, பிறகு ஆல்கஹாலால் கழுவி, ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். அரிசிப் பானைக்குள் வைத்தால் சேறு போகாது.

விண்டோஸ் வருவதற்கு முன் என்ன தெரிகிறது?

மீண்டும் ஆன் செய்து, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையைக் கவனியுங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. பயாஸிலேயே ஸ்கிரீன் முழுக்கச் சீரான இடைவெளியில் புள்ளி, செங்குத்துப் பட்டை தெரிகிறது, கேபிளும் மானிட்டரும் சரி என்று ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்றால், டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கார்டின் நினைவகமோ சிப்போ போய்விட்டது.

படமே வரவில்லை என்றால், உள் கிராபிக்ஸ் உள்ள பிராசஸராக இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்ட் போர்ட்டில் பாருங்கள். வந்தால் மதர்போர்டும் ராமும் பிழைத்தன. ராம் சரியாக உட்காராவிட்டாலும் கறுப்புத் திரைதான், ஆகவே ராமையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். மதர்போர்டின் வட்டமான பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்துவிட்டு மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வரும். கார்டில் சின்ன சுவிட்ச் ஒன்று இருந்தால், அது இரட்டை பயாஸ் வகை. ஆஃப் செய்துவிட்டு அடுத்த பக்கம் தள்ளிப் பாருங்கள்.

டிரைவர்

இது சீக்கிரம் முடிகிற வேலை. படம் திடீரென்று உறைந்தால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி அழுத்துங்கள். டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், எடிட் செய்துகொண்டிருந்த வேலையைக் காப்பாற்றிவிடலாம். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற பதிவு இருந்தால், கார்டு பதில் சொல்லத் தாமதித்ததால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது என்று பொருள். வழக்கமாக விண்டோஸ் காத்திருப்பது 2 நொடி.

டிரைவரைத் துடைக்க டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளை சேஃப் மோடில் ஓட்டுங்கள். நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் தானாக ஒரு டிரைவரை இறக்கி வைத்துவிடும். பிறகு கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து முன்பே இறக்கி வைத்ததைப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு கோளாறு வந்ததென்றால் அதற்கு முந்தைய பதிப்பு. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 43 என்ற பிழை எண் வந்தாலும் முதல் மருந்து இதுதான். போன பிறகும் திரும்பி வந்தால் கார்டின் மேல் சந்தேகம் பலமாகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டும். "சேஃப் மோடில் நல்லா ஓடுது, அப்போ டிரைவர் பிரச்சினைதான், கார்டு நல்லாயிருக்கு" என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தன்னுடைய எளிய டிரைவரை வைத்துப் படத்தை மட்டும் காட்டுகிறது. சிப்பின் முப்பரிமாண வேலை செய்யும் பகுதியை அது தொடுவதே இல்லை, கடிகார வேகமும் ஏறுவதில்லை. முழங்கால் வலிக்காரர் கட்டிலில் படுத்திருக்கும்போது வலி இல்லாத மாதிரிதான். நிஜ டிரைவர் ஏறியதும் சிப்பு முழுதும் விழிக்கும், அப்போது சாகும். டிரைவர் போட்டதும் கறுப்புத் திரை, துடைத்தால் சரி, வேறு பதிப்பு போட்டாலும் கறுப்புத் திரை என்றால் அது கார்டின் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய, பென் டிரைவில் உபுண்டு போட்டு அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். விண்டோஸ் குழப்பம் அதில் இருக்காது.

சூடு

கார்டின் சூட்டைக் காட்டும் ஜி.பி.யூ.-இசட் அல்லது ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளைப் போட்டு, பக்கத்தில் கேமையோ, கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க் மென்பொருளையோ ஓட்டுங்கள். ஃபர்மார்க் மிகக் கொடூரமான சோதனை, பத்து நிமிடம் போதும். 65-லிருந்து 80 டிகிரி வரை சாதாரணம். பல என்விடியா கார்டுகள் 83 டிகிரி சுற்றிலிருந்து வேகத்தைத் தானே குறைக்கும். ஏ.எம்.டி.யின் புதிய கார்டுகளில் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) என்ற அளவு 110 வரை போகலாம் என்று அந்த நிறுவனமே அனுமதிக்கிறது.

அறையின் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஏ.சி. அறையில் 25 டிகிரி இருக்கும்போது 70 காட்டிய கார்டு, ஓட்டு வீட்டு மச்சில் 38 டிகிரியில் 83-ஐத் தொடும். கார்டில் கோளாறே இல்லை, கத்திரி வெயில் கணக்கு. கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்ததும் பத்து டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் பிரச்சினை. கதவைத் திறந்தும் இறங்கவில்லை, சராசரிச் சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையே 30 டிகிரி வித்தியாசம் காட்டுகிறது என்றால் உள்ளே சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது.

பேஸ்ட் மாற்றுவது கை நடுங்காதவர் செய்யலாம். வாரன்டி இருந்தால் தொடாதீர்கள். குளிர்ந்த பேஸ்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும், கார்டைக் கொஞ்ச நேரம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி, ஆஃப் செய்து, திருகிக் கழற்றுங்கள், நெம்பக் கூடாது. ஃபேன் வயரை மறந்து இழுத்துவிடாதீர்கள். நினைவகச் சிப்புகளின் மேல் இருக்கும் பஞ்சு மாதிரி பேட் கிழிந்தால் அதே தடிமனில்தான் புதிது போட வேண்டும். அரை மில்லிமீட்டர் தடித்தால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் உட்காராது, முன்பைவிட மோசமாகும்.

நினைவகச் சோதனை

கரண்டும் சூடும் சரி, டிரைவரும் சரி, இன்னும் புள்ளி வருகிறது என்றால் ஓ.சி.சி.டி. மென்பொருளில் வீராம் (கார்டின் நினைவகம்) சோதனையை ஓட்டுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. பிழை வந்தால் ஆஃப்டர்பர்னரில் நினைவக வேகத்தை 300, 500 மெகாஹெர்ட்ஸ் என்று இறக்கி மறுபடி ஓட்டுங்கள். பிழை நின்றால் நினைவகச் சிப்பு களைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த வேகத்திலேயே வைத்துச் சில மாதம் ஓட்டிக்கொள்ளலாம். அதற்குள் புதிதுக்குப் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள், எடிட் செய்த ஃபைல்களை வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள்.

கடைசித் தீர்ப்பு, நல்ல எஸ்.எம்.பி.எஸ். உள்ள நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்கள் கார்டைப் போட்டும், அவருடையதை உங்களுடையதில் போட்டும் பார்ப்பது. ஒன்றை மட்டும் செய்தால் போதாது. கோளாறு கார்டோடு சேர்ந்து இடம் மாறினால் கார்டு. உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டால் வேறு ஏதோ. உங்கள் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால் நண்பர் கார்டை அதில் மாட்டிவிடாதீர்கள், நட்பும் சேர்ந்து போகும்.

போய்விட்டது, இனி?

பில்லைத் தேடுங்கள். கார்டின் பின்னால் இருக்கும் சீரியல் எண் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு, அப்புறம் பபிள் சுற்றி அட்டைப் பெட்டி. தெர்மாகோல் நேராகக் கார்டைத் தொடக் கூடாது.

வாரன்டி முடிந்திருந்தால் சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம் கேளுங்கள். ஒரு மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் சின்னப் பாகம்), ஒரு ஃப்யூஸ், ஒரு போர்ட் போனதெல்லாம் சரிசெய்யத் தகுந்தவை, பிறகு வருடக்கணக்கில் ஓடும். "சிப்பையே சூடு காட்டிச் சரிபண்ணுதேன்" என்றால் யோசியுங்கள். கார்டை ஓவனில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்ற வித்தை 2006, 2007 காலத்துச் சிப்புகளிலிருந்து பரவியது. அப்போது சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இணைப்புகள் சூடேறிக் குளிர்ந்து வெடித்தன. 2008-ல் என்விடியா இதற்காக ஏறத்தாழ 20 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. சூடு காட்டினால் வெடிப்பு தற்காலிகமாக ஒட்டும், சில வாரத்தில் மறுபடி விடும். சமையல் ஓவனில் வைத்தால் அந்தப் புகை அப்புறம் கேக்கிலும் இருக்கும்.

பழைய கார்டு வாங்கப் போகிறவர்கள், கிரிப்டோ நாணயமான எத்தீரியம் 2022 செப்டம்பரில் மைனிங்கை (கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டுவது) நிறுத்தியபோது இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்குக் கொட்டியதை நினைவில் வையுங்கள். மைனிங் கார்டு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை, ஃபேனும் பேடும் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் கார்டின் பயாஸை மாற்றி எழுதியிருக்கலாம். பழைய சிப்பைப் புதியதாகக் காட்டும் போலிக் கார்டுகளும் உண்டு. ஜி.பி.யூ.-இசட் அவற்றைப் போலி என்று எழுதியே காட்டிவிடும். விற்பவர் வீட்டிலேயே ஓட்டச் சொல்லுங்கள்: பயாஸ் திரை, ஒரு ஸ்கிரீன்ஷாட், பத்து நிமிட ஃபர்மார்க், ஒரு சுற்று வீராம் சோதனை, எல்லாப் போர்ட்டும். அரை மணி நேரம் ஆகும். அவர் டீ போட்டுக் கொடுத்தால் குடித்துக்கொண்டே பாருங்கள். "அதெல்லாம் எதுக்கு, நம்பிக்கைதானே" என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.